சாவி அவர் சட்டைப்பையில் இருந்த பத்து நாட்கள்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்துமூன்றாவது வயதில். இதைச் சொன்னால் உடனே சிலர், "அட, பரவாயில்லையே" என்பார்கள். அந்தப் 'பரவாயில்லையே'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேல்நிலை வகுப்பில் வருஷக்கணக்காக வேதியியல் நடத்தியவள் நான். கையில் அமிலத்தோடு கூத்தடிக்கும் ஐம்பது பிள்ளைகளை ஒரே அறையில் கட்டி மேய்த்தவளுக்கு மூன்று பெடலும் ஒரு ஸ்டியரிங்கும் எம்மாத்திரம்?

கார் ஒன்றும் ரதமில்லை. பழைய சின்னக் கார்தான். என் கணவர் ஆபீஸ் போய்வர வாங்கியது. அவர் ரிட்டயர் ஆன பிறகு, மயிலாப்பூரில் எங்கள் நாலு வீட்டு ஃப்ளாட்டின் வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. நான் ஓட்டத் தொடங்கியதும் அதற்கு மறுபடி பிழைப்பு வந்தது. புதனும் சனியும் பாலவாக்கத்தில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கத் தனியாக ஓட்டிக்கொண்டு போவேன். அவளுக்கு முழங்கால் சரியில்லை. அவளை ஏற்றிக்கொண்டு கடல் தெரிகிற தெருமுனை வரை போய், கண்ணாடியை இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து சுண்டல் தின்றபடி ஊர்வம்பு பேசுவோம். அந்த இரண்டு சாயங்காலங்களுக்காகத்தான் நான் வாரம் முழுவதும் நல்லவளாக இருந்தேன்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, திருவான்மியூர் தாண்டும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. பார்த்துக்கொண்டே இருக்கையில் பானெட்டின் விளிம்பிலிருந்து ஆவி. ஓரங்கட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்து அவருக்கு போன் செய்தேன். ஆட்டோ பிடித்து வந்தார். வண்டி ஆறும்வரை காத்திருந்து, பாட்டில் தண்ணீர் இரண்டை ரேடியேட்டரில் ஊற்றி, அவரே நிறுத்தி நிறுத்தி வீடுவரை ஓட்டி வந்தார். வாசலில் இறங்கிப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நான் ஓட்டிண்டு போறேன். நீ பக்கத்துல உக்காந்துக்கோ."

"ஏன், எனக்கு என்ன?"

"செகண்ட் கியர்லயே இழுத்திண்டு போனா எஞ்சின் கொதிக்காம என்ன பண்ணும்?"

அதோடு விட்டாரா? குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போட்டுவிட்டார். 'வண்டி கொதித்துவிட்டது. ஓட்டும் முறை சரியில்லை. இனி நானே ஓட்டுகிறேன்.' கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை, "அம்மா, பேசாம ஆட்டோல போயேன்" என்று அறிவுரை அனுப்பினான்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. முந்தின வாரம் நொச்சிக்குப்பம் வழியாக வந்தபோது, மீன் விற்கும் ஒரு அம்மாள் வஞ்சிரத்தைத் துண்டு போடுவதைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் கை போகிற வேகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வேகத்தடையைக் கவனிக்கவில்லை. அடியில் 'டடக்' என்று ஒரு சத்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுதான் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டதோ? கிழித்தது நான்தான் என்றால் சாவி திரும்பி வராது, அதைக் கேட்க எனக்கு வாயும் இருக்காது.

எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ராயப்பேட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவர். நாங்கள் பாய் என்போம். அவர் என்னை மாமி என்பார். போன் செய்தால், ஆம்பூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"பத்து நாள் ஆவும் மாமி. அவசரம்னா வேற கடையில விடுங்க."

"அதெல்லாம் வேண்டாம் பாய். எங்கே பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்கோ, நான் பார்க்கறேன்."

எதிர்முனையில் பின்னணியில் மேளச்சத்தம். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.

"வண்டி சூடா கீறப்ப மூடியைத் தொறந்துறாதீங்க, மூஞ்சி வெந்துடும். ராத்திரி வண்டிக்கு அடியில பேப்பர் விரிச்சி வையுங்க. காலைல எங்க ஈரமோ, அதுக்கு நேர் மேலதான் ஒழுவுது."

அந்தச் சனிக்கிழமை அவரும் என்னோடு ஆட்டோவில் பாலவாக்கம் வந்தார். அக்காவும் அவரும் முட்டிவலித் தைலங்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நான் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அக்காகூடக் கிளம்பும்போது, "அவர் சொல்றதும் நியாயம்தானேடி" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பர் கட்டைப் பிரித்தேன்.

ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பிவிட்டுப் பேப்பர் விரிக்க வேண்டும். பானெட் திறக்கக் காரின் கதவு திறக்க வேண்டும், கதவு திறக்கச் சாவி வேண்டும். அவர் வந்து கதவைத் திறந்துவிட்டு, சாவியை உடனே பைக்குள் போட்டுக்கொண்டு, லேப் அட்டெண்டர் மாதிரி பின்னால் கைகட்டி நின்றார். நான் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் பேப்பரையே காணோம். ஈரத்தில் கூழாகிக் குப்பைக்கூடையில் கிடந்தது. வாசல் முழுக்க நனைந்திருந்தது. நடுவே அழகாக ஒரு கோலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் விடிவதற்கு முன்பே, எங்கள் நாலு வீட்டுக்கும் வேலை செய்யும் பெண் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். கார் நிற்பதும் அதே வாசலில்தான். பிறகு ஒழுகினால் யாருக்குத் தெரியும்? தரை எப்போதும் ஈரம்.

அவளிடம் சொன்னேன்: "நாளைக்குக் காருக்கு அடியில மட்டும் தண்ணி தெளிக்காதே."

"இன்னாமா, வாசலை அரையும் குறையுமா வுட்டா நல்லாவா இருக்கும்?"

"வண்டியில எங்கேயோ தண்ணி ஒழுகறது. எங்கேன்னு பார்க்கணும்."

"அதுவா? அது ரொம்ப நாளா ஒழுவிக்கினுதானே கீது" என்றாள், துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே.

"என்னது? ஏன் சொல்லலை?"

"பச்சையா வந்துச்சுமா. மாடி வூட்டுப் பொண்ணு கலர் கோலம் போட்டுட்டுக் கயுவி வுட்டுக்கிதுனு நெனச்சேன். அந்தப் பொண்ணைக்கூட ஒருநாள் திட்டிட்டேன்."

எஞ்சின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்டும் பச்சைதான். பாவம், மாடிவீட்டுப் பெண். ஆனால் எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷத்தில் துடைப்பத்தோடு நின்ற இவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. 'ரொம்ப நாளா' என்றாளே! நொச்சிக்குப்பம் வேகத்தடை போன வாரத்துச் சமாசாரம்.

திங்கள் காலை பேப்பர் காய்ந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில், சின்ன ஊத்தப்பம் அளவுக்கு வெளிறிய பச்சையில் ஈரம். பழைய ஜமுக்காளத்தை விரித்து, புடவையைச் செருகிக்கொண்டு காருக்கடியில் தலையை விட்டேன். வேகத்தடை உரசிய இடம் நன்றாகத் தெரிந்தது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பில் ஒரு நீளக் கீறல், அவ்வளவுதான். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நான் செய்யவில்லை. நான் செய்யவே இல்லை.

பேப்பர் ஈரத்துக்கு நேர் மேலே டார்ச் அடித்தேன். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய், எஞ்சின் பக்கத்து உலோக வாயில் மாட்டியிருக்கும் இடம். அங்கே பிடித்திருந்த கிளிப்பைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காறை கட்டியிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. பாய்க்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"அதேதான் மாமி. ஆனா இம்மாம் வெள்ளை எப்டி வந்துச்சு? கூலண்ட்டு மட்டும் ஊத்துனா இப்டிக் கட்டாதே. உப்புத் தண்ணி எதுனா ஊத்துனீங்களா? உப்பு கட்டுனா குழாய் வாய் அரிச்சி ஒழுவும்."

நான் ஊற்றியதில்லை; சனிக்கிழமை நிரப்பியதுகூடக் குடிக்கிற தண்ணீர்தான். காறையைக் கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் வைத்து, சமையலறை வினிகரில் நாலு சொட்டு விட்டேன். நுரைத்தது. கார்பனேட், சந்தேகமே இல்லை. இதே வெள்ளையை நான் தினமும் எங்கேயோ பார்க்கிறேனே என்று யோசித்தபடி நிமிர்ந்தால், எதிரிலேயே இருந்தது. எங்கள் வீட்டுக் குடிநீர் மெஷினுக்குக் கீழே ஒரு நீலப் பக்கெட். மெஷின் நல்ல தண்ணீரை ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்துவிட்டு, போர்வெல் தண்ணீரின் உப்பையெல்லாம் வாரிக்கொண்டு இன்னொரு குழாயில் வெளியே விடும் தண்ணீர் அந்தப் பக்கெட்டில் விழும். நகரத்தில் தண்ணீருக்கு லாரி பின்னால் ஓடிய கோடைக்குப் பிறகு, என் கணவர் அதில் ஒரு சொட்டைக்கூட வீணாக்க விடமாட்டார். செடிக்கு, பாத்ரூமுக்கு, கார் துடைக்க. பக்கெட்டின் விளிம்பில் மோதிரம் மாதிரி வெள்ளைக் காறை. அதையும் சுரண்டி வினிகர் விட்டேன். அதுவும் நுரைத்தது.

"ஏன்னா, கொஞ்சம் இங்கே வாங்கோ" என்றேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. "ரேடியேட்டர்ல நீங்க தண்ணி ஊத்தினேளா?"

"ஆமா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பார்ப்பேன். துளி குறைஞ்சிருந்தாலும் விடமாட்டேன். நான்தான் ஊத்திண்டு வரேன்." முகத்தில் ஒரு பெருமை. "உனக்கு வண்டியைப் பராமரிக்கவே தெரியாது."

"எந்தத் தண்ணி?"

பக்கெட்டைக் காட்டினார். "அதுவும் மெஷின்ல வடிகட்டி வந்த தண்ணிதானே. குழாய்த் தண்ணியைவிடச் சுத்தம்னுதான்."

இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் நுரைத்துக்கொண்டிருந்தன. அவர் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவர், புரியாமல் போகுமா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ஹாலுக்குப் போய் ஃபேன் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாவி மட்டும் பையைவிட்டு வரவில்லை.

புதன்கிழமை, கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடுக்குப் போய்ப் புதுக் குழாயும் இரண்டு கிளிப்பும், தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுகிற ரகத்தில் கூலண்ட்டும் வாங்கி வந்தேன். அக்காவிடம், இந்த வாரம் புதன் கிடையாது என்று சொல்லிவிட்டேன். வியாழன் காலை வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது ஆரம்பித்தோம். 'தோம்' என்றால், நான் கீழே, அவர் டார்ச்சோடு மேலே. கல்யாணத்து டிபன் சாப்பிட்டுக்கொண்டே பாய் போனில். பழைய தண்ணீரை ஒரு பேசினில் பிடித்தோம். கூலண்ட் கலந்த அது விஷம், தெருப் பூனை நக்கிவிடும் என்று உடனே கேனில் ஊற்றி மூடச் சொன்னேன். குழாயை முறுக்கி இழுத்தால் அசையவே மாட்டேன் என்றது. "திட்டாதீங்க மாமி, கத்தியால நீட்டுக்கு ஒரு கோடு போடுங்க" என்றார் பாய். போட்டேன், உரிந்து வந்தது. உலோக வாயில் ஒட்டியிருந்த காறையை வினிகர்த் துணியால் ஊறவைத்து, பொடி உப்புத்தாளால் தேய்த்து, விரல் வழுக்கும்வரை மழமழப்பாக்கினேன். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு மூன்று முறை அலசினோம். புதுக் குழாயை மாட்டி, கிளிப்பை முறுக்கி, கூலண்ட்டை ஊற்றினேன்.

காற்றுக்குமிழி வெளியேற மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட வேண்டும். நான் கையை நீட்டினேன். "நீ தண்ணியப் பார்த்துக்கோ" என்று அவரே போய் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். எனக்கு வந்த கோபத்தில் எஞ்சின் இல்லாமலே கொதித்திருப்பேன். குமிழிகள் அடங்கி, மூடி போட்டு, அரைமணி ஓடியும் ஒரு சொட்டு விழவில்லை. எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை.

"அன்னிக்கு நீ போன் பண்ணினப்போ, புகை வரதுன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டே" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "ஆட்டோல என்னால உக்கார முடியலை. கால் ரெண்டும் நடுங்கித்து. அதான்."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? என் கியர் மேல ஏன் பழி?" என்றேன். குரல் நான் நினைத்த அளவுக்கு உயரவில்லை.

அன்று மாலை குழுவில் ஒரு செய்தி வந்தது. 'ரேடியேட்டர் குழாய் பழுதானது நான் உப்புத் தண்ணீர் ஊற்றியதால். ஓட்டியவர் மீது எந்தத் தவறும் இல்லை. பழுது பார்த்தவரும் அவரே.' ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. நான் அதை நாலு தரம் படித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நானும் வரேன்" என்றார். சரி, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அடையாறு பாலம் ஏறி இறங்கும்வரை இரண்டு பேரும் அந்த முள்ளைத்தான் பார்த்தோம். அது நடுவில் நின்றது நின்றதுதான். பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில், "ஓரமா நிறுத்து" என்றார்.

"என்னாச்சு?"

"காப்பிப்பொடி வாங்கணும். நீ போயிட்டு வா. நான் பஸ்ல போயிடறேன்."

"நேத்திக்குத்தானே வாங்கினேள்?"

"இருக்கட்டும்." இறங்கிக் கதவைச் சாத்தினார். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கவில்லை. காப்பிக்கடைப் பக்கமே திரும்பாமல், நேராகச் சாலையைக் கடந்து மயிலாப்பூர் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றார். பின்னால் ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னாமா, போறியா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றார். கியரைப் போட்டுக் கிளம்பினேன்.

பாலவாக்கத்தில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். காரைப் பார்த்தாள், என் பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

"அவர் எங்கேடி?"

"அவர் வரலை. நான் மட்டும்தான் வந்திருக்கேன். வா, ஏறு" என்றேன்.