சால்ட் லேக்குக்கு மார்க் குறைத்தவள்

"மா ஆர் நேய், மாஷி" என்றான் ராஜியின் மகன் தொலைபேசியில். அம்மா இனி இல்லை, சித்தி என்பதை அவனுக்கு வங்காளத்தில்தான் சொல்ல வந்தது.

எங்கள் நகரத் திட்ட அலுவலகத்தில் நானும் ராஜியும் மட்டும்தான் தமிழ். தொண்ணூறுகளின் கடைசியில், கல்கத்தாவின் எந்தப் பகுதி சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு உகந்தது என்று மதிப்பெண் போடும் வேலை எங்களுக்கு வந்தது. மரமும் பூங்காவுமாக இருக்கும் சால்ட் லேக்தான் முதலிடம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். ராஜி குடியிருந்ததும் அங்கேதான்.

"மரத்தை மட்டும் பாத்து மார்க் போடாதட்டி. அந்த வீட்டுக்காரன் ஆபீஸுக்கு எதுல போறான்னு கேளு" என்றாள். நெல்லைப் பேச்சை அவள் கடைசிவரை விடவில்லை என்பது நம் தமிழ்ச் சங்கத்தில் அவளோடு பழகிய உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பகுதியிலும் தலைக்கு எவ்வளவு பெட்ரோலும் மின்சாரமும் செலவாகிறது என்ற கணக்கைச் சேர்த்தாள். சால்ட் லேக் மளமளவென்று கீழே இறங்கியது. துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூர் மேலே ஏறியது.

லாரிப் புகையில் மூச்சு முட்டும் கிடர்பூருக்கா முதலிடம் என்று நான் சண்டைக்குப் போனேன். "அங்க உள்ளவன் இருமத்தான் செய்யுதான். அதுக்குத் தனியா மார்க்கைக் கொற. ஆனா அந்தப் புகைய அவனா விட்டான்? அவன் துறைமுகத்துக்கு நடந்துல்லா போறான்!" புகைக்குத் தனியாக மார்க்கைக் குறைத்துவிட்டு அவள் கணக்கை அப்படியே சேர்த்துக்கொண்டேன்.

இயக்குநரும் சால்ட் லேக்காரர். அந்தக் கணக்கை எடுத்துவிடச் சொன்னார். ராஜிக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. கூட்டத்தில் எல்லோர் முன்பும் எழுந்து, "கணக்கு இருக்கட்டும் சார். வேண்டுமானால் என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றாள். மற்ற பொறியாளர்களும் கணக்கு சரிதான் என்று சொல்லிவிட்டதால் அவரால் அதில் கைவைக்க முடியவில்லை. பெயரை எடுத்தார். பதவி உயர்வும் வேறொருவருக்குப் போனது.

அந்த வருடம் துர்கா பூஜைப் பந்தலில், அண்ணி முறை வைத்து அவள் பௌதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். நம் பகுதியையே இப்படிக் கவிழ்த்துவிட்டாயே என்று ஒரே புலம்பல். "நிழல் நமக்கு, புகை மட்டும் ஊருக்கா பௌதி?" என்று ராஜி வங்காளத்தில் கேட்டுச் சிரித்தாள். பௌதிக்குக் கோபம். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அதன்பின் எங்கள் அலுவலகம் போட்ட ஒவ்வொரு அறிக்கையிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அது ஆதியிலிருந்தே இருந்ததாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது. பசுமையைப் பார்த்ததும் புகை எங்கே போகிறது என்று கேட்கும் புத்தி ஒன்றை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அறிக்கையில் வராத பெயரை இந்தச் சங்க இதழிலாவது அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ராஜலட்சுமி சங்கரன், நகரத் திட்டப் பொறியாளர், கல்கத்தா.