செல்வராஜின் கணையமும் எங்கள் சந்தேகமும்

ஆண்கள் வார்டில் செல்வராஜைச் சேர்த்தபோது அவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகுவரை பாய்ந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ரத்தத்தில் கணையம் சுரக்கும் லைபேஸ் மிக அதிகம். ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. பித்தப்பையில் கல் இல்லை.

"கல் இல்லைன்னா பெரும்பாலும் குடிதான்," என்றார் டியூட்டி டாக்டர்.

"முன்ன குடிச்சேன், இல்லன்னு சொல்லல்ல. நிறுத்தி ஒரு வருஷமாச்சு சிஸ்டரே," என்றார் செல்வராஜ்.

நான் நம்பவில்லை. இருபத்தைந்து வருஷ நர்ஸ் வேலையில் இதே பேச்சை எத்தனையோ கட்டில்களில் கேட்டிருக்கிறேன். அவரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோன நேரத்தில் பையைத் திறந்து பாட்டில் தேடினேன். ஒரு கைலியும் சீப்பும்தான் இருந்தன. வெளியே யாரோ வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மனைவி ராஜம் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "பிள்ளைக்க தலையில அடிச்சு சத்தியம் செய்தவராக்கும். இனி யாரை நம்ப?"

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பிளேட்லெட் குறைந்தது, மூச்சு வாங்கியது. ஐசியூவுக்கு மாற்றப் பேச்சு நடந்தது. உடம்பைத் துடைத்துவிட அரைஞாண் கயிற்றை விலக்கினேன். அடியில் பீடியால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

"இது என்ன அண்ணே?"

"தெரியாது சிஸ்டரே. வலியும் இல்ல, சொறிச்சலும் இல்ல."

டாக்டரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஸ்க்ரப் டைபஸ். புதர்ல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. அபூர்வமா கணையத்தையும் தாக்கும். ரத்தத்த டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், டாக்ஸிசைக்ளின் ஊசி போடுங்க."

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஸ்க்ரப் டைபஸ்தான் என்று ரத்தப் பரிசோதனையும் உறுதி செய்தது. வயிற்றுவலி அடங்க மேலும் ஒரு வாரம் பிடித்தது. ராஜம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஸ்டூலைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டு, கஞ்சியை ஆற்றி ஊட்டினார்.

டிஸ்சார்ஜ் அன்று செல்வராஜ் டாக்டரிடம் ஒன்று கேட்டார்: "இது குடியினால வந்ததில்லன்னு சீட்டில தமிழில எழுதித் தரணும். எனக்க மக வாசிக்கணும்."

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைச் செல்வராஜ் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதிதாக வார்டுக்கு வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி என்ன செய்திருப்பார் என்று யோசிப்பதற்கு முன் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று உடம்பை முழுக்கப் பாருங்கள். எனக்கு அதற்கு மூன்று நாளாயிற்று.