பூஜைப் படத்தில் தெரிந்த வரைபடம்

நெல்லை பேட்டையில் நானும் கணவரும் லேத் பட்டறை வைத்து, ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றுக்கு உதிரிபாகம் கடைந்து தருகிறோம். ஆயுத பூஜையன்று, சந்தனம் பூசிய இயந்திரத்தைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். மறுநாள் முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர் கேட்டிருந்தார்: "இந்தப் பாகம் எங்களுக்கும் கிடைக்குமா?" கூடவே அந்தப் பாகத்தின் வரைபட எண்ணையும் எழுதியிருந்தார்!

படத்தைப் பெரிதாக்கினேன். மாலைக்குப் பின்னால், சுவரில் ஒட்டிய வரைபடத்தின் அளவுகள் பளிச்சென்று தெரிந்தன. அரசு அனுமதியின்றி வரைபடத்தை வெளிநாட்டவருக்குக் காட்டமாட்டோம் என்று நிறுவனத்திடம் கையெழுத்துப் போட்டிருந்தோமே! கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாம பொருள் எதையும் அனுப்பலியே?" என்றேன்.

"ஏட்டி, அளவு போச்சுன்னா பொருளே போன மாதிரில்லா!" என்றார் கணவர்.

படத்தை உடனே நீக்கி, நிறுவனத்திடம் நாங்களே சொன்னோம். நல்லவேளை, கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

இப்போதெல்லாம் வரைபடங்களைப் பீரோவில் பூட்டிய பிறகுதான் பூஜை. அந்தச் சாவிக்கும் ஒரு பொட்டு வைக்கிறேன்.