உடுப்புப் பிழியும் மெசினும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா இணுவிலில் ஒரு கார்த்திகை விளக்கீட்டு நாளில் பிறந்தார். ஆண்டை நான் இங்கே எழுதவில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஓர் ஆண்டைச் சொல்கிறது. சாதகக் குறிப்பு அதற்கு முந்திய ஆண்டைச் சொல்கிறது. எது சரி என்று சொல்லக்கூடியவர்கள் இன்று உயிரோடு இல்லை. நிச்சயமில்லாத திகதியை அச்சில் ஏற்றும் வழக்கம் எனக்கில்லை. அக்காவின் தங்கையாக, கடைசிவரை அவரோடு ஒரே வளவில் இருந்தவளாக, எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் அண்ணை, அதாவது அக்காவுக்கு இளையவரும் எனக்கு மூத்தவருமானவர், கனடாவிலிருந்து வந்து கொள்ளிக் கடமையைச் செய்தார். அந்த வாரமே, அக்காவின் நினைவாக வரும் இம்மலருக்கென்று ஒரு கட்டுரையும் எழுதித் தந்தார். அதில் அக்காவைவிட எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கும் மெசின்தான் கூடுதலாக இருந்தது. அக்காவும் அந்த மெசினும் பிரிக்க முடியாதவர்களாம். கறண்ட் இல்லாத காலத்திலும் அது குடும்பத்தைத் தாங்கியதாம். இந்தக் காலத்துப் பிளாஸ்ரிக் மெசின்களை அக்கா மனதார ஏற்றதே இல்லையாம். மலரின் பின்னட்டையில் அந்த மெசினின் படத்தைப் போடவேண்டும் என்றும் கேட்டிருந்தார். மெசினைப் பற்றி எழுதிய மூன்றும் பொய். அந்தக் கட்டுரை இம்மலரில் இல்லை. ஏன் இல்லை என்பதை உறவினர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அம்மா இறந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அடுத்த தவணைக்கு அக்கா போகவில்லை. சமையல், கிணறு, தோய்க்கிற கல், நாங்கள் இரண்டு பேர், எங்கள் தகப்பனாரான ஐயா என்று எல்லாம் அவருடையதாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, மலாயாவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவருடைய வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஐயா அங்கே போய் அந்த மெசினை எடுத்து வந்தார். வண்டிலில் வந்து இறங்கிய அன்று பங்குனி உத்தரம். அது எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு காலில் நிற்கும் வெள்ளை எனாமல் தொட்டி. கீழே மோட்டார். தொட்டியின் நடுவே உடுப்பை அலைக்கும் தண்டு. மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு றப்பர் உருளைகள். தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். அலைத்த உடுப்பை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, அந்த உருளைகளுக்கிடையே நுனியை நீட்ட வேண்டும். மோட்டார் உருளையைச் சுற்றி உடுப்பை இழுத்துப் பிழிந்து மறுபக்கம் தள்ளும். உடுப்பையும் விரலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. அதனால் மேலே ஒரு இரும்புச் சட்டம் வைத்திருந்தார்கள். ஏதும் தடித்ததாகச் சிக்கினால், அல்லது கையால் தட்டினால், சட்டம் எகிறி உருளைகள் விலகிவிடும்.

ஒரே சவர்க்காரத் தண்ணீரில் வீட்டு உடுப்பு முழுவதையும் தோய்த்துவிடலாம் என்பது அந்த மெசினின் பெருமையாகப் பேசப்பட்டது. அண்ணையும் அதை எழுதியிருந்தார். ஆனால் அந்தத் தண்ணீருக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் ஐயாவின் வேட்டி, சால்வை. பிறகு அண்ணையின் வெள்ளைக் காற்சட்டைகள். பிறகு என் பள்ளிக்கூடச் சட்டை. கடைசியாக, தண்ணீர் மண்ணிறமான பிறகு, அக்காவின் சேலை.

ஐயா ஆசாரம் பார்ப்பவர். திருவிழாக் காலத்தில் கோயிலுக்கு உடுக்கும் வேட்டி மற்ற உடுப்புகளோடு படக்கூடாது. தண்ணீர் புதுத் தண்ணீர், அதில் அவருக்குப் பிரச்சினை இல்லை. உருளைகள்தான் பிரச்சினை. பெண்களின் மாதத் துடக்கு உடுப்புப் போன அதே உருளையில் கோயில் வேட்டி எப்படிப் போவது? யோசித்து அவரே ஒரு வழி கண்டார். தோய்க்கத் தொடங்குமுன் உருளைகளைச் சுழலவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்து, துணியால் சுற்றிவரத் துடைக்க வேண்டும். நிற்கிற உருளையைத் துடைத்தால் பாதிதான் சுத்தமாகும் என்பது அவருடைய கணக்கு. எந்தக் குருக்களும் இதை அவரிடம் கேட்கவில்லை. மெசினைச் செய்தவர்கள் இப்படியொரு தேவையைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

அதே காலத்தில்தான் மேலே இருந்த சட்டம் ஐயாவுக்குத் தொல்லையாகிவிட்டது. எட்டுமுழ வேட்டியின் மடிப்பு வரும்போதெல்லாம் அது எகிறியது. அண்ணை அப்போது உயர்தர வகுப்பு. கைவேலையில் கெட்டிக்காரன் என்று பெயர். கட்டுக்கம்பியால் சட்டத்தை இறுக்கிக் கட்டிவிட்டார். "இப்ப பாருங்கோ ஐயா, மூச்சு விடாது" என்றார். அக்கா மட்டும், "தம்பி, அது எகிறத்தானே வைச்சிருக்கிறாங்கள்" என்றார். "உங்களுக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும் அக்கா?" என்று அண்ணை சிரித்தார்.

கோயில் தேருக்கு முந்திய நாள் காலை. அக்கா இடக்கையால் செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, வலக்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். உருளை துணியை இழுத்தது. துணியோடு கை போயிற்று. சட்டத்தைத் தட்டினார், அது அசையவில்லை. நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். உருளைகள் கையைக் கவ்வியபடியே நின்றன. அண்ணை குறடு எடுத்து வந்து கம்பியை வெட்டியபோதுதான் கை வெளியே வந்தது.

ஐயா முதலில் மெசினைத்தான் பார்த்தார். "றப்பருக்கு ஒண்டுமில்லை" என்றார். அந்தச் சொல்லை இத்தனை காலம் நான் எவரிடமும் சொல்லவில்லை. இன்று அச்சில் இடுகிறேன்.

வலது கையின் இரண்டு விரல்கள் அதன் பிறகு மடியவில்லை. அந்த ஆண்டு உடுப்பிட்டியிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்து, சாதகமும் பொருந்தியிருந்தது. கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, "பிறகு பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. காயம் ஆறியதும் அக்கா திரும்பவும் அதே மெசினடியில் நின்றார். அதற்கு முன்னரே, ஐயா சொல்லி, அண்ணை புதுக் கம்பி கட்டியிருந்தார்.

அண்ணை வெளிநாடு போனது எண்பதுகளின் நடுப்பகுதியில். குடாநாட்டில் போரால் கறண்ட் நின்றது தொண்ணூறில். கறண்ட் இல்லாத காலத்தில் மெசின் குடும்பத்தைத் தாங்கியதை அவர் எங்கிருந்து பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. மோட்டார் இல்லாமல் அது ஒரு தொட்டி. அதற்குள் நாங்கள் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் போட்டு வைத்திருந்தோம். அந்தக் காலம் முழுவதும் உடுப்புத் தோய்த்தது மடியாத இரண்டு விரல்களுள்ள அக்கா. சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்தும் தோய்த்தார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு வீட்டின் பின்னால், கோடிப்புறத்தில் இருந்தோம். ஐயா அங்கேதான் காலமானார். திரும்பி வந்தபோது கதவு, யன்னல், ஓடு ஒன்றும் இல்லை. மெசின் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. களவெடுத்தவர்களுக்கும் அது வேண்டாமலிருந்திருக்கிறது.

"உதை இரும்புக்குப் போடுவம்" என்று அக்கா அன்றைக்கே சொன்னார். அண்ணை தொலைபேசியில், "ஐயாவின்ரை ஞாபகம், இருக்கட்டும்" என்றார். கறண்ட் வந்த பிறகு மோட்டாரைத் திருத்தவும் ஆள் பிடித்து அனுப்பினார். மெசின் மீண்டும் சுற்றியது. அக்காவும் மீண்டும் அதனடியில் நின்றார்.

என் மகளுக்கு வேலை கிடைத்து வந்த முதல் தைப்பொங்கலுக்கு, அவள் தன் பெரியம்மாவுக்குப் புது மெசின் ஒன்றை இறக்கினாள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. அக்கா அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதுக்கை கை வைக்கிற இடம் எங்கை பிள்ளை?"

"கையே வைக்கத் தேவையில்லை பெரியம்மா. போட்டு மூடினாச் சரி."

"இடையிலை திறந்தா?"

"திறக்கேலாது. முடியுமட்டும் பூட்டிக்கொண்டுதான் நிக்கும்."

"அப்ப இது மனிசருக்கெண்டு செய்தது" என்றார் அக்கா.

முதன்முதலாக அதற்குள் தன் சேலை ஒன்றை மட்டும் போட்டார். வேறொன்றும் போட விடவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கண்ணாடிக்குள் சேலை சுற்றுவதை முடியும்வரை பார்த்தார்.

புது மெசினில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. கறண்ட் போனால் உடுப்பு உள்ளே சிறையிருக்கும். ஒருமுறை உள்ளேயுள்ள மின்சுற்றுப் பலகை பழுதாகி, கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை சும்மா கிடந்தது. பழையதைத் திருத்த ஒரு குறடும் ஒரு முறுக்காணிச் சாவியும் போதும். இதைத் திறந்து பார்க்கவே எங்களால் முடியாது. இவையெல்லாம் உண்மை. அண்ணை இவற்றைத்தான் தொலைபேசியில் அடுக்குவார்.

"உந்தப் பிளாஸ்ரிக் சாமான் பத்து வருசம் நிக்காது அக்கா. பழசு பாருங்கோ, இண்டைக்கும் மலை மாதிரி நிக்குது."

"நிக்காட்டிப் போகட்டும் தம்பி. அது நிண்டு நிண்டு நான் கண்டது போதும்."

"தண்ணி எவ்வளவு குடிக்குது எண்டு பாத்தனீங்களே?"

"அதை நான் அள்ளேல்லை. அதுதான் எனக்குத் தெரியாது."

இதைக் கேட்டுச் சிரித்த அண்ணைதான், அக்கா புது மெசினை ஏற்கவே இல்லை என்று எழுதினார்.

அக்கா இவ்வாண்டு, நல்லூர்க் கொடியேற்றம் முடிந்த கிழமையில், நித்திரையிலேயே காலமானார். எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்ததும் அண்ணை பழைய மெசினைப் பின்பக்கத்திலிருந்து இழுத்து வந்து, முன் விறாந்தையில் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்கள் பார்க்கவேண்டுமாம். தேங்காயெண்ணெய் பூசி மினுக்கினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கு மேலே வந்ததும் அவருடைய கை நின்றது.

"இந்தக் கம்பியை ஆர் கட்டினது?" என்றார். "இப்பிடிக் கட்டினா இது எகிறாதெல்லோ. சுத்த மொக்குவேலை."

"நீங்கள்தான்" என்றேன்.

"நானோ? எப்ப?"

"ரெண்டு தரம். அவவின்ரை கை போக முதல் ஒருக்கா, போன பிறகு ஒருக்கா."

அவர் என்னைப் பார்த்தார். நடிக்கவில்லை. அண்ணைக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. "அக்கா ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார்.

"உங்களுக்குச் சொன்னவ. மெசினைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்டனீங்கள்."

அன்று பின்னேரம் அவர் தன் கட்டுரையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் பழைய இரும்பு எடுப்பவரைக் கூப்பிட்டு நான்தான் கொடுத்தேன். தூக்கி ஏற்ற அண்ணையும் ஒரு கை பிடித்தார். அதை நான் மறைக்கவில்லை. அதற்காக அவர் எழுதியதை அச்சிடவும் முடியாது.

அக்காவின் இறுதி நாட்களில் வந்து பார்த்த வைத்தியருக்கும், மரண வீட்டில் அடுப்பெரிய விடாமல் மூன்று வேளையும் சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடியவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் உடுப்பைத் தோய்த்து மடித்துத் தந்த என் மகளுக்கு, அக்காவின் சார்பிலும் நன்றி. அந்த மெசினைப் புகழ்ந்து ஆறுதல் சொன்னவர்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை.

பின்னட்டையில் மெசின் வரும் என்று அண்ணை சிலருக்குச் சொல்லியிருந்தார். அதனால் அங்கே வந்திருக்கும் படத்தைப் பற்றி ஒரு குறிப்பு. எங்களிடம் உள்ள மற்றப் படங்கள் எல்லாவற்றிலும் அக்கா தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருக்கிறார். இது போன சித்திரை வருடப் பிறப்பன்று மகள் எடுத்தது. முகத்தை மட்டும் எடுக்கப் போனவளைத் தடுத்து, கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னது இவ்வளவுதான்:

"இதையும் எடு பிள்ளை. இதுதானே தோய்ச்சது."