எட்டு பேர் நிற்கிற லிப்ட்

பங்காருபேட்டை ரோட்டில் புதிதாக எழும்பிய பதினோரு மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி வீட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அப்பாவின் நெஞ்சு. அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும் அதன் தூசி அவர் நுரையீரலை விட்டுப் போகவில்லை. சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீட்டிலோ, காற்றடித்தால் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மேட்டு மண் சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். ஏழு மாடி அது ஏறாது என்று நம்பினேன். தினம் பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விட்டால் நாள் ஏது? மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அப்பாவை நேரே அங்கே கூட்டிப்போனேன். கையெழுத்துதான் பாக்கி.

வீட்டைக் காட்ட வந்த பெண் பால்கனிக் கதவைத் திறந்தாள். காற்று சுத்தமாக இருந்தது. கீழே, அப்பா தினமும் காலையில் நடந்து போகிற மாதா கோவில் தெரிந்தது.

“இதோ பக்கத்துலயே இருக்குப்பா” என்றேன்.

“வழி எங்கமா?” என்றார்.

தேடினேன். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில். ஒரே கேட், அதுவும் எதிர்ப்பக்கம், லாரிகள் பறக்கிற ரோட்டில். அங்கே ஓரமாக நடக்கக்கூட இடமில்லை. மதிலுக்குள் மட்டும் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வர ஒரு சிவப்புப் பாதை போட்டிருந்தார்கள்.

“வாக்கிங் டிராக் இருக்கு மேடம். வெளிய போக கேப் புக் பண்ணிக்கலாம்” என்றாள்.

கண்ணுக்கெதிரே இருக்கிற கோவிலுக்கு டாக்ஸி. எரிச்சலாக வந்தது. அவள் மேலா, கட்டினவர்கள் மேலா, ரயிலை விட்டு இறங்கி அவசரமாக ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுத்த என் மேலா, தெரியவில்லை.

இறங்கும்போது அப்பா லிப்டுக்குள் கையை அகட்டி அளந்தார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை நாங்கள் கேஜ் என்போம். அப்பா அதை ஏற்றவும் இறக்கவும் மணி அடித்துச் சைகை கொடுத்தவர்.

“எத்தினி பேரு போலாம்?”

“எட்டு பேர் அங்கிள்.”

“நின்னுனு போறவன் எட்டு பேரு, சரி. படுத்துனு கெடக்கறவன இன்னா பண்ணுவீங்க?”

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்து, மானமே போயிற்று. “சும்மா இருங்கப்பா” என்றேன். அவரா சும்மா இருப்பார்? கீழே வந்ததும் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு லிப்டுக்குள்ளேயே மூலைக்கு மூலை படுத்தே பார்த்துவிட்டார். அப்படியும் முட்டி மடங்கித்தான் இருந்தது. ரெண்டு லிப்டும் இதே சைஸ்தான் என்று அந்தப் பெண் சன்னமாகச் சொன்னாள்.

கட்டடத்து ஆபீசில் புக்கிங் ஃபாரத்தை என் முன்னால் வைத்தார்கள். பேனாவை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மூச்சுக்கு நல்லது என்று ஏழாவது மாடிக்குக் கொண்டுபோய், நடையை நிறுத்திவிடப் போகிறேனா? நடக்கட்டும் என்று லைன் வீட்டிலேயே விட்டால் அந்த மண்ணைத்தானே அவர் மூச்சோடு இழுக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகை வரும் போலிருந்தது.

அப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இன்னாத்துக்கு இவ்ளோ யோசன? போடு. என்ன உக்கார வெச்சே எறக்கிடுங்க. கீழ வந்து பொட்டில படுக்க வெச்சிக்கலாம்.”