எத்தனை பை என்று கேட்ட அண்ணா

அண்ணா எங்களைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. திவசத்துக்கு வரும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கும் இந்த மலரில் நீதான் எழுத வேண்டும் என்று அக்கா சொன்னபோது, நான் அலுமாரியிலிருந்து பச்சைக் கோப்பு ஒன்றை எடுத்தேன். பதினாறு வயது முதல் முப்பத்தெட்டு வயது வரை அண்ணா செய்த வேலைகள் எல்லாம் அதில் என் கையெழுத்தில் இருக்கின்றன. அதை ஐந்து மாலைகளில் எழுதி முடித்தேன். அதைத் தொடங்கியபோது அண்ணா வெளிநாட்டுக்கு விமானம் ஏறப் பதினொரு நாட்களே இருந்தன. அந்த நாட்களைச் சொன்னால் அண்ணாவைச் சொன்னதாகும் என்று நம்புகிறேன்.

அண்ணா வாழைச்சேனையில், கடதாசி ஆலைக்கு அப்பால் உள்ள எங்கள் வளவில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயதானபோது அப்பா காலமானார். எனக்கு மூன்று வயது. அப்பா விட்டுச் சென்றவை: ஒரு வளவு, இரண்டு பெண்பிள்ளைகள், அவர்களுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய, இன்னும் கட்டாத இரண்டு வீடுகள்.

அதனால்தானோ என்னவோ, அண்ணா தன் சம்பளத்தை ஒருபோதும் ரூபாயில் சொன்னதில்லை. எத்தனை பை சீமெந்து வாங்கலாம் என்றே சொல்வார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கோப்பிலும் அப்படியே குறித்து வைத்தேன்:

பதினாறு வயது. துறைமுகத்தில் மீன் பெட்டி சுமத்தல். மாதத்துக்கு மாதம் மாறும்.
பதினெட்டு. ஐஸ் ஆலையில் உதவியாள். பன்னிரண்டு பை.
இருபத்து மூன்று. கொழும்பில் குளிர்க்களஞ்சியம். இருபத்தொரு பை.
இருபத்தைந்து. மீண்டும் அதே ஐஸ் ஆலை. பதினொரு பை.
முப்பத்திரண்டு. கட்டார். அறுபத்திரண்டு பை.
முப்பத்து மூன்று. மீண்டும் அதே ஐஸ் ஆலை. இருபத்தாறு பை.
முப்பத்தெட்டு. அதே ஆலை. பதினாறு பை.

கடைசி வரியை எழுதியபோது பேனாவை வைத்துவிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் ரூபாயில் சம்பளம் கூடியது. சீமெந்து அதைவிட வேகமாக ஏறியது. இருபது வருட அனுபவத்துக்குப் பிறகு அண்ணாவின் மாத உழைப்பு, பதினெட்டு வயதில் உழைத்ததைவிட நான்கு பைதான் அதிகம்.

இந்தக் கோப்பு எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். இதை உறவினர்கள் பலரும் இன்றுதான் அறியப் போகிறீர்கள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, கடலுணவுக் கம்பனியொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. முதல் மாதச் சம்பளம் முப்பத்திரண்டு பை. அண்ணாவின் சம்பளம் அதில் பாதி. வீட்டில் அவர் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது வேறு எண்.

"எத்தின பை புள்ள?"

"பதினஞ்சு அண்ணா."

அவரை விட ஒரு பை குறைவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "தொடக்கத்துக்குக் காணும். போகப் போகக் கூடும்," என்றார். உறவினர்கள் கேட்டபோதும் அதையே சொன்னேன்.

அந்தப் பதினைந்து பையை அண்ணா மனதில் கணக்குப் போட்டிருக்கிறார். அவளும் உழைத்து நானும் உழைத்தாலும் வீடு எழும்பாது என்று முடிவு செய்திருக்கிறார். எட்டு மாதம் கழித்து, ஒரு முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். மூன்று வருட ஒப்பந்தம். வெட்டவெளியில் கொள்கலன் ஏற்றி இறக்கும் வேலை. அண்ணாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாளும் அம்மாவின் இரத்த அழுத்தக் குளிசையை விழுங்கிவிட்டுப் போய்ச் சித்தியடைந்து வந்தார் என்பதை அம்மாவின் குளிசை அட்டையை எண்ணித்தான் கண்டுபிடித்தேன்.

பயணத்துக்குப் பதினான்கு நாள் இருந்த அன்று பின்னேரம், அண்ணா என் வளவுத் துண்டில் முளை அடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். போவதற்கு முன் அத்திவாரத்துக்கு அளவு போட வேண்டுமாம். நான் நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தேன்.

"எண்ட சம்பளம் பதினஞ்சு பை இல்ல அண்ணா."

"பின்ன?"

"முப்பத்திரண்டு."

அவர் சுத்தியலை நிலத்தில் வைத்தார். "எப்ப கூட்டின?"

"கூட்டல்ல. முதல் மாசத்தில இருந்தே அவளவுதான்."

"அப்ப என்னத்துக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். காரணம் அவருக்கு விளங்கிவிட்டது. நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழும்பிவிடுவார். அம்மா நடுவில் நின்று இரண்டு பேரையும் ஏசினார். மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"எண்ட மரியாதைய நீ சீமெந்துப் பைக்குள்ளயா கட்டி வெச்சிருந்தாய்?"

மன்னிப்புக் கேட்டேன். பயணத்தை நிறுத்தச் சொன்னேன். அவர் மறுத்தார்.

"நீ உழைக்கிறது உனக்கு. வீட்டக் கட்டிக் குடுக்கிறது நான். அதில ஒரு மாத்தமும் இல்ல."

"அப்ப இஞ்சயே கூடின சம்பளத்துக்குப் போங்க. எங்கட கம்பனியில குளிரறை டெக்னிஷியன் கேக்கிறாங்க. முப்பத்திநாலு பை."

"எனக்குத் தருவாங்களோ? என்னட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்ல."

அதுதான் தடை. இருபது வருடம் குளிர் இயந்திரங்களின் அமுக்கியும் வால்வும் பிரித்துப் பூட்டியவரிடம் ஒரு சான்றிதழ் கிடையாது. ஆனால் செய்த வேலைகளைச் சான்றுகளோடு கோப்பாக்கிக் கொடுத்து, செய்முறைச் சோதனையில் சித்தியடைந்தால் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டு. அன்றிலிருந்து ஆறாம் நாள் அந்தச் சோதனை நகரில் நடக்க இருந்தது.

"முப்பத்தெட்டு வயசில நான் சோதினைக்கிப் போறதோ?"

அம்மா குசினியிலிருந்து சொன்னார்: "போ மனே. சின்ன வயசில போகாத கடன அடைச்சிட்டு வா."

இப்படித்தான் பச்சைக் கோப்பு தொடங்கியது. வேலையால் வந்து கை கழுவியதும் அண்ணா என் முன்னால் உட்காருவார். நான் கேட்பேன், எழுதுவேன். வயது, இடம், இயந்திரம், சம்பளம், விலகிய காரணம்.

இருபத்தைந்து வயதில் கொழும்பை விட்டது ஏன் என்று கேட்டேன். "அக்காட வீட்டுக்குக் கூர போட ஆள் வேணும்தானே," என்றார். அது எங்களுக்குத் தெரியும். கட்டாரை விட்டது ஏன் என்று கேட்டபோது, "கம்பனி ஆக்களக் கொறைச்சது. எழுது," என்றார். எங்களிடமும் அப்போது அப்படித்தான் சொல்லியிருந்தார்.

நான்காம் மாலை, சான்றுக்காக அவர் தந்த உறையில் கட்டார் கம்பனியின் கடிதம் ஒன்று இருந்தது. அவர் ஆங்கிலம் வாசிக்க மாட்டார் என்பதால், மற்றச் சான்றுகளோடு இந்தக் கடிதமும் கலந்திருந்தது அவருக்குத் தெரியவில்லைப் போலும். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீடிக்கிறோம், பதவியையும் சம்பளத்தையும் உயர்த்துகிறோம் என்று எழுதியிருந்தது. ஊழியர் ஒப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திகதியைப் பார்த்தேன். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அதே கிழமை. அக்கா கைக்குழந்தையோடு இருந்தா. எனக்கு இறுதிச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"பொய் சொன்னது நான் மட்டும் இல்ல, என்ன?"

அண்ணா கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கு இங்கிலீசு படிப்பிச்சதுதான் நான் செஞ்ச பிழ," என்றார். மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சிரித்தோம். விலகிய காரணம் என்ற இடத்தில் 'குடும்பப் பொறுப்பு' என்று எழுதினேன். அவர் அதை மறுக்கவில்லை.

சோதனை நாளன்று என்னை உள்ளே விடவில்லை. கம்பி யன்னலுக்கு வெளியே நின்றேன். எழுத்துக் கேள்விகள் பன்னிரண்டில் ஐந்துக்குத்தான் அண்ணா விடை எழுதினார். செய்முறையில் தவறினால் எல்லாம் முடிந்தது. பயணத்துக்கு இன்னும் ஐந்து நாள். குளிராத ஓர் இயந்திரத்தைக் காட்டி, பிழையைக் கண்டுபிடிக்கச் சொன்னார் பரீட்சகர். மற்றவர்கள் அளவுமானிகளைப் பூட்டத் தொடங்கினார்கள். அண்ணா கையுறையைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக்கொண்டு வந்தார். மீற்றரை எடுங்க அண்ணா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

"ட்ரையர் அடைச்சிருக்கு சேர்," என்றார், குழாயில் ஈரத்தையும் தூசியையும் வடிகட்டும் சிறு உருளையைத் தொட்டபடி.

"மீற்றர் பாக்காம எப்பிடிச் சொல்றீங்க?"

"முன்னுக்குச் சுடுகுது, பின்னுக்குக் குளிருது. ரெண்டும் ஒரே சூடாத்தானே இருக்கணும். இஞ்ச கைய வெச்சுப் பாருங்க."

பரீட்சகர் குனிந்து கையை வைத்தார். பிறகு நிமிர்ந்து மற்றவர்களையும் அழைத்தார். "எல்லாரும் வந்து இதத் தொட்டுப் பாருங்க. மறுகா மீற்றரப் பூட்டுங்க." மீற்றரும் அண்ணா சொன்னதையே சொன்னது.

சான்றிதழ் வரத் தாமதமாகும் என்பதால், சித்தியடைந்ததற்கான கடிதத்தை எங்கள் முகாமையாளர் ஏற்றுக்கொண்டார். நேர்முகத் தேர்வில் வழக்கமாக நானும் இருப்பேன். விண்ணப்பித்தவர் என் சகோதரர் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டேன். அந்த நாட்களில் வீட்டில் ஒரு பக்கம் பயணப் பெட்டி அடுக்கியபடி இருந்தது. மறு பக்கம் தொலைபேசி. சனிக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நியமனக் கடிதம் கைக்கு வந்தது. முகவர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை. கடவுச்சீட்டை மட்டும் தந்தார். அது போதும் என்று அம்மா பெட்டியை அவிழ்த்து உடுப்புகளைக் கொடியில் போட்டார்.

அதன் பின் நான்கு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தோம். எல்லோர் முன்னாலும் அண்ணா என்னை 'மிஸ்' என்பார். "மூண்டாம் அறை சரி மிஸ்," என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா பிட்டு தந்துவிட்டவ, கம்பனி வானுக்குள்ள கிடக்கு," என்பார். அடுத்த வருடம் நாவற்குடாவில் திருமணம் செய்து, அண்ணியின் வீட்டில் குடியேறினார். மகள் பிறந்தாள். அவர் கட்டத் தொடங்கிய என் வீட்டுச் சுவர் யன்னல் மட்டம் வரை எழும்பியது. பாதிச் சீமெந்து அவருடையது, பாதி என்னுடையது. அதற்கு மேல் பங்கு கேட்டு நான் வாதாடி வென்றதில்லை.

மாதம் முடிந்தால் அண்ணா தவறாமல் தொலைபேசியில் அழைப்பார். ஒரே கேள்விதான்.

"இந்த மாசம் எத்தின பை? உண்மையச் சொல்லு."

கடைசியாக அவர் கேட்டபோது நான் கூட்டமொன்றில் இருந்தேன். "பிறகு சொல்றன் அண்ணா," என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் தலையிடி என்று உட்கார்ந்தவர் பின்னர் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

அந்த மூன்று நாளும் கண் விழித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் கொடுக்க ஓடிவந்த ஐஸ் ஆலைத் தோழர்களுக்கும், வேலையை நிறுத்திவிட்டு இறுதி ஊர்வலத்தில் நடந்த எங்கள் கம்பனி ஊழியர்களுக்கும், முப்பத்தோராம் நாள் காரியம் வரை அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும், மீதிச் சுவரைக் கூலியை முன்னே கேட்காமல் எழுப்பித் தந்த மேசனாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டுக்குக் கடந்த மாதம் கூரை போட்டாயிற்று. அண்ணாவின் மகளுக்கு அதில் ஓர் அறை உண்டு. எந்த அறை என்பதை அவள் இந்த மாமியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

இனி, பாக்கி வைத்த பதில்.

அண்ணா, நீங்கள் கேட்ட மாதத்துக்கு முப்பத்தொன்பது பை. இந்த மாதம் நாற்பத்தொன்று. இதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

தங்கை