ஒடியல் மாப் பேணிக்குள் ஒரு கியர்த் தடி

மண்ணெண்ணெய்ப் புகை தொண்டைக்குள் இறங்கினால் முதலில் காறும், பிறகு கண் எரியும், அதற்குப் பிறகுதான் எங்கள் கார் ஸ்டார்ட் வந்துவிட்டது என்று விளங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் வராது, பற்றறியும் வராது. ஆகவே காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, இரண்டாம் கியரைப் போட்டு, பின்னால் நாலு பேர் நின்று தள்ள, ஓட்டுகிறவர் கிளச்சைச் சட்டென்று விட்டால், கார் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். நெல்லியடிக்குக் கிட்ட எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரேயொரு கார் அந்தக் கிழட்டுக் கார்தான்.

அப்பா யாரையும் நம்பமாட்டார். யாராவது காரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், வீட்டுக்கு வந்ததும் "கியர்த் தடி"யைக் கழற்றி ஒளித்துவிடுவார். எதிர்வீட்டுச் சின்னராசா அண்ணையில்தான் அவருக்குப் பெரிய சந்தேகம். முன்பு லொறி ஓட்டிய அந்த மனிதர், கார் தள்ள முதல் ஆளாக ஓடிவருவார். அப்படி ஓடிவருவதே அப்பாவுக்குப் பிடிக்காது. "சும்மா ஒருத்தன் இவ்வளவு தள்ளுவானே? தாங்கியிலை எண்ணெய் குறையுதெல்லோ!" என்பார். தடி இருக்கும் இடம் அம்மாவுக்குக்கூடத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். "கொம்மா இளகின மனசுக்காறி, ஆர் கேட்டாலும் தூக்கிக் குடுத்துப்போடுவா. நீ வாய் திறக்கக்கூடாது, என்ன?" என்று சொல்லிவைத்திருந்தார். பத்து வயதில் எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

ஒருநாள் அப்பா கூப்பன் சாமான் வாங்கச் சங்கக் கடை வரிசையில் நிற்கப் போயிருந்தபோது, நாலு வயதுத் தம்பிக்கு "இழுப்பு" வந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வர, பிள்ளை மூச்சுக்குத் தவித்தான். அம்மா குளறிய சத்தத்துக்குப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சின்னராசா அண்ணை. பிள்ளையைப் பார்த்தார், காரடிக்கு ஓடினார், அதே வேகத்தில் திரும்பி என்னிடம் வந்தார்.

"பிள்ளை, தடி எங்கை?"

"தெரியாது" என்றேன். அம்மா தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் புத்தியில் ஓடியது, தம்பியின் இழுப்பைச் சாட்டி இந்த மனிதர் காரை அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்பதுதான். சின்னராசா அண்ணை என் முன்னால் முழங்காலில் இருந்தார். "என்னை நம்பவேண்டாம் மோனை. நீயும் ஏறு. நான் எங்கை கொண்டு போறன் எண்டு பாத்துக்கொண்டு வா."

தம்பியின் உதடு நீலமாகியிருந்தது. அப்போதுதான் குசினிக்குள் ஓடி, கூழ் காய்ச்சும் நாளில் மட்டும் அம்மா திறக்கும் ஒடியல் மாப் பேணிக்குள், அந்தப் பனங்கிழங்கு மாவுக்குள், முழங்கைவரை கையை விட்டேன். மா அப்பிய தடியைச் சின்னராசா அண்ணை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக் காரில் பூட்டினார். ஒழுங்கைச் சனம் முழுவதும் தள்ளியது. பருத்தித்துறை ஆசுபத்திரி வரும்வரை, ஒவ்வொரு சந்தியிலும் அவர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்றார் டொக்டர். சைக்கிளில் அடித்துப்பிடித்து வந்த அப்பா தம்பியைத் தடவி அழுதார், அழுது முடித்து என் காதுக்குள் கேட்டார்: "தடி இப்ப ஆரிட்டை?"

தாங்கியில் எண்ணெய் எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் சொல்லப்படும் கதையில், எங்கெல்லாமோ தேடித் தடியைக் கண்டுபிடித்துத் தம்பியைக் காப்பாற்றிய கெட்டிக்காரி நான். அப்படியில்லை என்று அப்பாவும் சொன்னதில்லை, நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் தம்பியோடு யாழ்ப்பாணத்தில் புதுக் கார் பார்க்கப் போனேன். கையால் கியர் போடும் கார் வேண்டும் என்றேன். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "இப்ப உது வாறேல்லை அக்கா, எல்லாம் ஓட்டோ கியர்தான்." எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும், பின்வளவில் வேறு யாருக்காவது ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்துவிட்டும் வந்தேன். பற்றறி செத்தால் தள்ளி ஸ்டார்ட் எடுக்கலாமோ என்று கேட்டேன். எடுக்கேலாதாம், போன் அடித்தால் ஆள் வருமாம். தள்ளத்தான் எங்கள் ஒழுங்கையில் இப்போது யார் இருக்கிறார்கள்? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சின்னராசா அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இதிலை கழட்டி ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டுதானே உனக்குக் கவலை?" என்று, காட்சிக்கு நிறுத்தியிருந்த காரின் ஓட்டுநர் இருக்கையில் இருந்து தம்பி பகிடி விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன நினைத்தேனோ, சொல்லிவிட்டேன்: "எனக்கு அண்டைக்குத் தடி இருந்த இடம் தெரியுமடா. தெரிஞ்சுகொண்டுதான் தெரியாதெண்டு சொன்னனான்."

ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தான்.

"எவ்வளவு நேரம் அக்கா?"

"கொஞ்ச நேரந்தான்" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் அந்தச் சந்தேகப் பார்வையை அதுவரை அவனிடம் நான் கண்டதில்லை.